சூளகிரிக்குப் போய் ஒரு தட்டைத் துடைத்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். உள்ளூர் முட்டாள்கூட இல்லை, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய் முட்டாள்தனம் செய்துவிட்டு வருகிற ரகம்.

சிங்கப்பூரில் பக்கத்து புளோக்கில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்றால்கூட எனக்கு முதுகுவலி வந்துவிடும். அப்படிப்பட்டவன் மனைவியின் சித்தி மகன் சூளகிரியில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என்றதும் விமானம் ஏறினேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு புகைப்படம்தான் காரணம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. புது வீட்டுக் கூடம், புது ஷோகேஸ், அதற்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சொந்தங்கள். மனைவி மாலதி ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கி யார் இளைத்திருக்கிறார்கள், யார் ஊதியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அவர்களுக்குப் பின்னால். ஷோகேஸில் ஒரு கண்ணாடி வாத்துக்கும் கம்பெனி கபடிக் கோப்பைக்கும் நடுவே சின்ன இசைத்தட்டு ஒன்று சாய்ந்து நின்றது. வெளிர்நீல லேபிள், நடுவில் பெரிய ஓட்டை. அது அமெரிக்க ஓட்டை. நம் ஊர்த் தட்டுகளின் ஓட்டையில் சுண்டுவிரல்கூட நுழையாது.

என் நோயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசைத்தட்டுகளைச் சேர்க்கிறவன் நான். அதிலும் ஆரம்ப காலத்துத் தட்டுகள். கம்பெனி என்பது ஒரு வாடகை வீடும், சமையலறையில் ஒரு மைக்கும், கடனில் ஒரு முதலாளியுமாக இருந்த காலம் அது. அதிலும் குறிப்பாக, அச்சடித்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, பிறகு முதலாளி மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொண்ட தட்டுகள். பெரும்பாலானவற்றை உடைத்துவிடுவார்கள். தப்பித்தது எங்கேயாவது ஒன்றிரண்டு இருக்கும். அதைத் தேடித்தான் எங்களைப் போன்றவர்கள் தலைமுடியை இழக்கிறோம். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். முதலாளிக்கே பிடிக்காமல் திரும்ப வாங்கிய பாட்டு எப்படி நன்றாக இருக்கும்? அது வேறு விஷயம்.

அந்த வெளிர்நீல லேபிளைப் புள்ளி புள்ளியாக உடையும்வரை பெரிதாக்கிப் பார்த்தேன். நான் வருடக்கணக்காகத் தேடிய, திரும்ப வாங்கப்பட்ட தட்டு ஒன்றின் லேபிளா? அதேதான்.

“உன் சித்தி பாவம். நம்ம பக்கத்துலேர்ந்து யாராவது போகணும்ல?” என்றேன்.

மாலதிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. “நீங்களா?” என்று மட்டும் கேட்டாள். நேற்று வைத்த மீன்குழம்பை முகர்ந்து பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

என் பையில் என்னென்ன இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவமானத்துக்கு அதிலும் பங்கு உண்டு. பெரிய ஓட்டையை அடைக்கிற பிளாஸ்டிக் வில்லை, தூசி தட்டும் பிரஷ், பஞ்சுக் குச்சிகள், ஒரு குப்பி ஸ்பிரிட், பூதக்கண்ணாடி, புது உறைகள். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசு? விமான நிலையத்தில் ஞாபகம் வந்து ஒரு டப்பா சாக்லேட் வாங்கினேன்.

பெங்களூரைத் தாண்டுவதற்கு ஆன நேரத்தில் நான் இன்னொரு நாட்டுக்கே போயிருக்கலாம். ஓட்டுநர் ஓசூர்க்காரர். சுங்கச்சாவடியில் கன்னடம், டீக்கடையில் தெலுங்கு, போனில் இந்தி, என்னிடம் தமிழ். எந்த இடத்தில் கியர் மாற்றினார், எந்த இடத்தில் மொழி மாற்றினார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சிங்கப்பூரில் எங்களுக்கும் நான்கு மொழிகள் உண்டு. நாங்கள் அவற்றைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறோம். இவர்கள் வாயில் வைத்திருக்கிறார்கள்.

ஓசூரில் ஷிப்ட் விடுகிற நேரம். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஊரே சாலையைக் கடந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கம்பெனிப் பேருந்துகள் ரயில் பெட்டிகள் போல நின்றன. எங்கள் ஊரில் இந்த நெரிசலுக்கு அமைச்சர் மன்னிப்புக் கேட்பார். இங்கே ஒரு பெண் அதற்கு நடுவில் நின்று நிதானமாகக் கொத்துமல்லிக்குப் பேரம் பேசினாள்.

சூளகிரியில் மலையடிவாரம் வரைக்கும் ஷெட்டுகள், ஷெட்டுகளுக்கு இடையில் தக்காளித் தோட்டங்கள். வீட்டு வாசலில் மாவிலையும் வாழையும் கட்டியிருந்தார்கள். மாலதியின் சித்தி ரத்னம்மா வாசலுக்கே வந்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவது வழக்கம். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, நிமிர்ந்த முதுகு.

“வாங்க மாப்ள. மாலதிய விட்டுட்டு நீங்க மட்டும் வந்திருக்கீங்களே, அதிசயமா இருக்குது.”

“உங்களப் பாக்கணும்னு தோணிச்சு அத்தை.”

“போன தடவ வந்தப்ப என் பேரே உங்களுக்கு ஞாபகம் இல்ல,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வெளியே தமிழ். படித்ததெல்லாம் தமிழ் என்பதால், மாலதிக்கும் சரி, அத்தையின் மகன் வெங்கடேஷுக்கும் சரி, தெலுங்கு பேசத்தான் வரும், எழுத்து தெரியாது. எனக்குப் பேசவும் வராது. வெங்கடேஷ் என்னைப் ‘பாவா’ என்று கூப்பிடுவான். அக்காள் கணவனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். யாராவது தெலுங்கில் பேசினால் உடனே என் காதில் மொழிபெயர்ப்பான். நல்ல பையன். அவன் மொழிபெயர்க்காமல் விட்ட இடம் பிறகு வரும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. வேண்டிய பொருளைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் மாட்டிக்கொள்வோம். நான் டைல்ஸைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டேன். சுவிட்ச் பலகையைப் பாராட்டினேன். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாங்க?” என்றேன் வெங்கடேஷிடம்.

“சிங்கப்பூர்ல சுவிட்ச் கிடையாதான்னு கேக்கறாங்க பாவா. இன்னொண்ணும் சொல்றாங்க. எல்லாத்தையும் ஒரு தடவ பாத்தாரு, ஷோகேஸ மட்டும் பத்து தடவ பாத்தாரு, அந்த வாத்து வேணுமோ என்னமோன்னு.”

மத்தியானம் கிரகப்பிரவேச இலைச் சாப்பாடு. ராத்திரிக்குக் களி, கீரைக் கடைசல். களியை நான் மென்றேன். வெங்கடேஷ் பதறிப்போய், “மெல்லக் கூடாது பாவா, முழுங்கணும்” என்றான். முழுங்கினேன். தொண்டையில் ஒரு டென்னிஸ் பந்து இறங்கியது போல இருந்தது. அடுத்த வாயை அவனே உருட்டி, கடைசலில் தோய்த்துக் கொடுத்தான். அது வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன்.

அத்தை கை கழுவிவிட்டு வந்து ஷோகேஸைத் திறந்தார். “இந்தத் தட்டத்தானே பாத்துட்டிருக்கீங்க?”

விதி, தொழில், நடிப்பு எல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று.

அவர் சொன்ன கதை இது. எஸ்டேட் வந்த புதிதில் அவர் கணவர் முனிராஜ் இரும்புத் தகடு வெட்டி வளைக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய பிரஸ் ஒன்றைப் பொருத்திக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். கார் கம்பெனிகள் நிறைந்த ஊர்க்காரர். மாதக்கணக்கில் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். அவருக்குக் கையாளாக முனிராஜைப் போட்டார்கள். ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவர் ஸ்பானரைக் காட்டுவார், இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் அவர் பாட்டுப் போடுவார். கிளம்புகிறபோது இந்தத் தட்டையும் பாட்டுப் பெட்டியையும் இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

“கல்யாணம் ஆன புதுசு. ஒத்த ரூம் வீடு. தெனம் அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்தா இது ஓடும். என்ன பாட்டுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெட்டி ரிப்பேராகி எடைக்குப் போயிருச்சு. தட்டு மட்டும் நின்னுருச்சு.” வாய்க்குள் மெல்ல முனகிக் காட்டினார். தாளம் சரியாக இருந்தது. “ஒரு பொம்பளைதான் பாடும். நடுவுல அழுவுற மாதிரி வந்து, அழுவாது.”

அந்தப் பாட்டைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்கிற யாரையும் நான் அதுவரை நேரில் சந்தித்ததில்லை. எங்கள் கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்கள் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள், கேட்காமல். இந்த அம்மாள் தினமும் கேட்டிருக்கிறார், சோறு பொங்கிக்கொண்டே.

“போன்ல கிடைக்காதா பாவா?” என்றான் வெங்கடேஷ்.

“எங்கயும் கிடைக்காது. இந்தத் தட்டு ஓடினாத்தான் உண்டு.”

அத்தை தட்டை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்தார். பிறகு, “ஒரு தடவ கேக்கணும் மாப்ள. அவரு போனப்புறம் ரொம்ப ஆசையா இருக்குது. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு மாலதி சொல்லுவா. கேக்க வெச்சுக் குடுப்பீங்களா?” என்றார்.

கையில் வாங்கினேன். கீறலே இல்லை. ஆனால் லேபிளில், ஓட்டைக்கு மேலே, நீல மையில் யாரோ இரண்டு வரி எழுதியிருந்தார்கள். வளைவும் சுழியுமாக. தெலுங்கோ கன்னடமோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். லேபிளில் எழுத்து என்றால் எங்கள் கூட்டத்தில் ஊனம். தட்டின் தரம் ஒரு படி இறங்கிவிடும். தேவதைக்கு மீசை வரைந்த பாவியை மனதுக்குள் திட்டினேன்.

திட்டம் மனதில் உருவாகிவிட்டது. தட்டை ஓட வைப்பேன். அத்தை கேட்பார், உருகுவார். அந்த உருக்கத்தில் இதை நான் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். எவ்வளவு கேவலமான திட்டம் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது அது எனக்குத் தாராள மனசு போலத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அத்தை தட்டை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தார். “பத்திரம் மாப்ள” என்றார். கிருஷ்ணகிரியில் பழைய மைக் செட்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் பாட்டுப் பெட்டி இருக்கலாம் என்று வெங்கடேஷ் சொல்லியிருந்தான். அவனுக்கு ஷிப்ட். நான் தனியாகக் கிளம்பினேன்.

சிங்கப்பூரில் பேருந்து நின்று, கதவு திறந்து, நாலு பேர் ஏறினால் நாமும் ஏறலாம். அந்த நம்பிக்கையில் ஏறிவிட்டேன். உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் வரவே இல்லை. என்ன நாகரிகமான பேருந்து என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். முன் சீட்டு இளைஞன் திரும்பிச் சிரித்ததால் என்ன என்று கேட்டேன். “புதுசா ஆடிட்டர் வந்திருக்காரு போல, மேனேஜர் இன்னைக்கு செத்தாருன்னு பேசிக்கறாங்க சார்” என்றான்.

பேருந்து நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி ஒரு கம்பெனி வாசலுக்குள் நுழைந்து நின்றது. எல்லோரும் இறங்கி அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். எனக்குத் தேய்க்க எதுவும் இல்லை.

“ஐடி எங்க?” என்றார் காவலாளி. மீசை பெரியது.

“நான் கிருஷ்ணகிரி போகணும்.”

“கம்பெனி பஸ்ல ஏறிக்கினு கிருஷ்ணகிரியா? கையில என்னா?”

“தட்டுங்க.”

“கேன்டீன் தட்டா?”

துணியைப் பிரித்துக் காட்டினேன். அவர் அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். உள்ளே வந்த பொருளைப் பதியாமல் வெளியே விட முடியாதாம். உள்ளே வரவே தேவையில்லாத பொருள் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஒரு சீட்டை எடுத்தார்.

“மெட்டீரியல் ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?”

“அப்படின்னா?”

“வந்த மாதிரியே திரும்பப் போற பொருளா, இல்லியா?”

“வந்த மாதிரியே திரும்பப் போற பொருள்தான்,” என்று கம்பீரமாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். அவருக்குத் திருப்தி. டீ வாங்கிக் கொடுத்து, ஒரு கம்பெனி டெம்போவை நிறுத்தி, “இந்த சார் பஸ்ஸுன்னு நெனச்சு பிளான்ட்டுக்கே வந்துட்டாரு, கிருஷ்ணகிரில எறக்கி விட்டுடு” என்று ஏற்றிவிட்டார். டெம்போக்காரர் வழி நெடுக அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். ஒருமுறை சிரிப்பதற்காகவே வண்டியை ஓரம் கட்டினார்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம். ஊரே பழுத்த வாசனையில் இருந்தது. கூழ் ஆலைகளுக்குப் போகிற லாரிகளிலிருந்து சாறு சொட்டிச் சாலையில் ஈ மொய்த்தது. எங்கள் ஊரில் ஒரு மாம்பழத்துக்குத் தனியாக வலைச்சட்டை போட்டு விற்பார்கள். இங்கே ஒரு லாரி திரும்பிய வேகத்தில் இரண்டு பழம் என் காலடியில் விழுந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், எடுத்தேன், தின்றேன்.

மைக் செட்காரர் பெயர் கோவிந்தன். கடை முழுக்கச் சீரியல் விளக்குகள், ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு பிளாஸ்டிக் யானை. பரணிலிருந்து பாட்டுப் பெட்டியை இறக்கினார். அதற்குள் ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

“ஓடுமா அண்ணே?”

“ஓட வெச்சாத்தானே நீங்க போவீங்க? உக்காருங்க.”

அவர் கழற்றினார், எண்ணெய் விட்டார், தேய்ந்த ரப்பர் வளையத்துக்கு எதையோ மாட்டினார், திட்டினார், மறுபடி கழற்றினார். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மஞ்சள் துணியைப் பிரித்தேன். தட்டைப் பிரஷால் தட்டினேன். பள்ளங்களைத் துடைத்தேன். பிறகு லேபிளைப் பார்த்தேன். அந்த இரண்டு வரி. ஸ்பிரிட் குப்பி பையில் இருந்தது.

வழக்கமாக நான் துடைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவைப்பேன். துடைத்த பிறகு இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எங்கள் கூட்டத்தில் பெருமை அடித்துக்கொள்வது வழக்கம். அன்றைக்குப் போன் பையின் அடியில் மாட்டிக்கிடந்தது, தோண்டி எடுக்கப் பொறுமையில்லை. பஞ்சுக் குச்சியை நனைத்தேன்.

கோவிந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தார். “அதுல யாரோ எழுதியிருக்காங்க போலிருக்குதே.”

“அதான் பிரச்சினையே அண்ணே.”

“தெலுங்கு மாதிரி இருக்குது. வீட்டுக்காரங்க எழுதினதோ என்னமோ.”

“கிறுக்கல்ண்ணே. இது போனா தட்டு புதுசு.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நான் என் வேலையைப் பார்த்தேன். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. வட்டமாகத் தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், லேபிளின் நிறம் கலங்கக் கூடாது. மை பஞ்சில் ஏறிக்கொண்டே வந்தது. கடைசிச் சுழியும் போனபோது விசில் அடித்தேன். லேபிள் வானம் மாதிரி இருந்தது.

அதற்கடுத்த நாள் ஞாயிறு. கோவிந்தன் பெட்டியை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு தானே வந்துவிட்டார். “என் பெட்டி என்னா பாடுதுன்னு நானும் கேக்கணுமில்ல?” என்றார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தங்களில் பாதிப் பேர் இன்னும் கிளம்பவில்லை. சாப்பாட்டு மேசையைக் கூடத்துக்கு நகர்த்திப் பெட்டியை வைத்தோம். அத்தை குளித்து, புதுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு பாட்டுக்கு இப்படி யாரும் உடுத்திக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை.

நான் மந்திரவாதி மாதிரி மஞ்சள் துணியைப் பிரித்தேன். அத்தை, “குடுங்க” என்று கையில் வாங்கினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். தட்டைப் புரட்டி மறுபக்கம் பார்த்தார். திரும்பவும் முன்பக்கம்.

“இதுல எழுத்து இருந்துதே,” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மலர்ந்தேன்.

“எடுத்துட்டேன் அத்தை! சுத்தமா எடுத்துட்டேன். பாருங்க, கடையில வாங்கின மாதிரி இருக்குது.” வெளிச்சத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று அவர் கையைப் பிடித்துச் சாய்த்தும் காட்டினேன்.

அத்தை ஓட்டைக்கு மேலே, அந்த இடத்தில், விரலை வைத்தார். மெதுவாகத் தடவினார். ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது போல.

“எடுத்துட்டீங்களா,” என்றார். அது கேள்வி இல்லை.

கோவிந்தன் குனிந்து ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

“சரி, போடுங்க. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க,” என்றார் அத்தை.

போட்டேன். என்னுடைய பிளாஸ்டிக் வில்லை ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்தியது. கைதட்டலும் டாம்பரின் என்கிற சலங்கை வளையத்தின் குலுக்கலும் முதலில். பிறகு அந்தப் பெண்ணின் குரல். அத்தை சொன்னது சரி. நடுவில் அழுகிற இடத்துக்கு வந்து, அழாமல் தாண்டிப் போனது. நான் இத்தனை வருடத்தில் கேட்ட எதையும்விட நல்ல பாட்டு அது. எந்த முதலாளிக்கு அது பிடிக்காமல் போயிற்று என்று தெரியவில்லை. கூடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை சுற்றுகிற லேபிளைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும், “நல்லாருக்குது. அதேதான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

வெங்கடேஷ் என் தோளில் கைபோட்டு வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான்.

“அது அப்பா எழுதினது பாவா.”

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தத் தட்டு வந்த அன்னைக்கே அம்மாவுக்குன்னு எழுதிக் குடுத்தாராம். அடுத்த வருசமே பிரஸ்ஸுல மாட்டி அவருக்கு வலது கை விரலுங்க போயிருச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே, உங்க கல்யாணத்தப்ப இடது கையிலதான் உங்களுக்குக் கை குடுத்தாரு. அப்புறம் அவரு எதுவுமே எழுதல. வீட்ல அவரு எழுத்துன்னு இருந்தது அது ஒண்ணுதான்.”

இடது கை. ஞாபகம் இருந்தது. சிங்கப்பூர் திரும்பியதும் அதைக் கேலியாகவே சொல்லியிருக்கிறேன், உங்க ஊர்ல இடது கையிலயா கை குடுப்பாங்க என்று. மாலதி அப்போது எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

“என்ன எழுதியிருந்தாரு?”

“எனக்கு எங்க பாவா தெலுங்கு படிக்க வருது? சின்ன வயசுல கேட்டா அம்மா சிரிப்பாங்க. சொல்ல மாட்டாங்க.”

போனை எடுத்தேன். குடும்பக் குழுவில் வந்த அந்தப் படத்தைத் தேடிப் பெரிதாக்கினேன். அத்தனை பேர் தலைக்குப் பின்னால், வெளிர்நீல லேபிளில், இரண்டு வரி எறும்பு. மேலும் பெரிதாக்கினால் எறும்பும் இல்லை, வெறும் கட்டங்கள். எனக்குத் தேவையானது மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தது, லேபிளின் நிறம்.

அடுப்படியில் பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரல், நடு நடுவே நீண்ட இடைவெளி. வெங்கடேஷ் என் பக்கத்தில்தான் நின்றான். அன்றைக்கு அவன் எனக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அத்தையிடம் போய், “அத்தை, நான் தெரியாம…” என்று ஆரம்பித்தேன்.

“சாப்பிடுங்க மாப்ள. களி ஆறுது.”

“இல்லத்தை, அது மாமா எழுதினதுன்னு…”

“கீரை இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா?”

வைத்தார். இலை நிறைய வைத்தார். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். களியை மெல்லக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் முழுங்கவும் முடியவில்லை.

கிளம்புகிற அன்று காலை டாக்ஸி வந்துவிட்டது. பையைத் தூக்கினேன், கனத்தது. திறந்து பார்த்தேன். மாலதிக்கென்று செய்தித்தாளில் சுற்றிய மாம்பழங்கள். அவற்றுக்கு மேலே மஞ்சள் துணி.

நான் கடல் தாண்டி வந்தது அதற்காகத்தான். கேட்காமலே கிடைத்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் இந்த மாதிரி அதிர்ஷ்டத்தை விழா எடுத்துக் கொண்டாடுவார்கள். வந்த மாதிரியே திரும்பப் போகிற பொருள் என்று கையெழுத்துப் போட்டவன் நான். துணியோடு எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி வாத்துக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே சாய்த்துவைத்தேன். திரும்பினால் அத்தை நிற்கிறார்.

“எதுக்கு அங்க வெக்கறீங்க? எடுத்துட்டுப் போங்க மாப்ள.”

“வேணாம் அத்தை. இது உங்களோடது.”

“இதுக்குத்தானே வந்தீங்க?”

சாக்லேட் டப்பா பிரிக்கப்படாமல் ஷோகேஸின் மேல்தட்டில் இருந்தது. அத்தையே தட்டை எடுத்துவந்து, பையில் மாம்பழம் அழுத்தாத இடமாகப் பார்த்து வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். வாசல் வரைக்கும் வந்தார். மாலதிக்குப் பழம் பழுத்த பிறகு கொடுக்கச் சொன்னார், காயாகவே வெட்டிவிடப் போகிறாள் என்றார். அந்தத் தட்டை இன்றுவரை எங்கள் கூட்டத்தில் நான் யாருக்கும் காட்டவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்குமேல் சொல்ல இடமிருக்காது.

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியை இறக்கி, வாய்விட்டுக் கேட்டேன்.

“அத்தை, அதுல மாமா என்ன எழுதியிருந்தாரு?”

“தொடைக்கறதுக்கு முன்னால கேட்டிருக்கணும்.”